முதல் வாடகை வீடு: வருமானமும் கடன் சுமையும்

வேலையில் அமர்ந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே வீடு ஒன்றை வாங்கி வாடகைக்கு விடவேண்டும் என்னும் விருப்பம் நகரங்களில் பணிபுரியும் இளைஞரிடையே பரவலாகக் காணப்படுகிறது. குடியிருப்பவர் தரும் வாடகையே கடனை அடைத்துவிடும் என்பது இவ்விருப்பத்திற்கு அடிப்படையான நம்பிக்கை. இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை எண்களைக் கொண்டே ஆராய்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

புனே நகரில் மாதம் 80,000 ரூபாய் ஊதியம் பெறும் 26 வயது இளைஞர் ஒருவர், 50 லட்சம் ரூபாய் விலையுள்ள அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்க எண்ணுகிறார் எனக் கொள்க. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்திற்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், வீட்டின் மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது. எனவே அவர் பெறக்கூடிய கடன் 40 லட்சம். எஞ்சிய 10 லட்சத்தையும், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் முதலியவற்றுக்கான ஏறத்தாழ 4 லட்சத்தையும் அவரே திரட்டவேண்டும். வட்டி 8.5 விழுக்காடு, தவணைக் காலம் 20 ஆண்டு எனில் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய்.

மாத வாடகை 15,000 ரூபாய் எனில் ஆண்டுக்கு 1,80,000. இது முழுவதும் கைக்கு வருவதில்லை. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் 15,000 குறையும். சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 30,000 செலவாகலாம். இவை போக நிகர வருமானம் 1,35,000, அதாவது மாதம் 11,250 ரூபாய். மொத்த அடக்கமான 54 லட்சத்தில் இது 2.5 விழுக்காடே. கடன் வட்டியோ 8.5 விழுக்காடு. தவணையில் மாதந்தோறும் ஏறத்தாழ 23,450 ரூபாய் ஊதியத்திலிருந்தே செல்லவேண்டும். வருமான வரியின் புதிய முறையைத் தேர்ந்தவர், வீட்டினால் ஏற்படும் இழப்பை ஊதிய வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் இயலாது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? கடனை அடைப்பது வாடகையன்று, ஊதியமே. விலை உயர்ந்தால்தான் இம்முதலீடு ஆதாயம் தரும். அவ்வுயர்வு உறுதியானதன்று. அவசரத் தேவை நேரும்போது வீட்டின் ஒரு பகுதியை மட்டும் விற்கவும் முடியாது.

முடிவெடுக்கும் முறை

முதலில் நிகர வாடகையைக் கணக்கிட்டு, அது தாங்கக்கூடிய கடனை அறிதல் வேண்டும். மேற்கண்ட வீட்டின் வாடகை, அதே வட்டியிலும் தவணைக் காலத்திலும் சுமார் 13 லட்சம் ரூபாய்க் கடனையே தாங்கும். அதற்கு மேற்பட்ட கடன் ஒவ்வொன்றும் எதிர்கால ஊதியத்தின் மீது வைக்கும் பந்தயமாகும்.

இரண்டாவதாக, ஆறு மாதத் தவணைக்கு ஈடான சேமிப்பு, அதாவது சுமார் 2 லட்சம் ரூபாய், கைவசம் இருத்தல் வேண்டும். வேலை இழப்பும் வீடு காலியாதலும் ஒரே காலத்தில் நேரக்கூடும்.

மூன்றாவதாக, சட்ட நிலையை ஆராய்தல் வேண்டும். கட்டப்பட்டு வரும் வீடாயின், 2016ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டத்தின்கீழ் அத்திட்டம் பதிவு செய்யப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் இன்றியமையாதது. வாடகை ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் விதிப்பதால், 11 மாத ஒப்பந்தம் நாடெங்கும் வழக்கமாயிற்று. மகாராஷ்டிரத்திலோ, 1999ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 11 மாத ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாகவேண்டும். அப்பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது.

இவை நிறைவு பெறாத நிலையில், சில ஆண்டுகள் சேமித்துச் சொந்தப் பங்கை உயர்த்துதலோ, விலை குறைந்த சிறிய வீட்டை நாடுதலோ நன்று. காத்திருத்தல் வாய்ப்பை இழத்தலாகாது. இளமையில் வேறு ஊருக்குச் செல்லவும் மேற்படிப்பை மேற்கொள்ளவும் உள்ள சுதந்திரத்திற்கும் ஒரு மதிப்பு உண்டு.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் நகரப் பகுதிகளில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. பூட்டிய வீடு உரிமையாளருக்கு வருமானமும் தருவதில்லை. வீடற்றோர்க்கு நிழலும் தருவதில்லை. குடியிருப்போர் விரும்பும் இடத்தில், அவர்கள் தரக்கூடிய வாடகையில் அமையும் வீடே தனியாருக்கும் சமுதாயத்திற்கும் பயன்தரும் முதலீடாகும்.