பாரிஸில் எத்தனை படிகள்?

கைக்குழந்தையோடு பாரிஸுக்குக் கிளம்புகிறோம் என்று யாராவது சொன்னால், எங்கே தங்கப்போகிறீர்கள், பக்கத்தில் எந்த மெட்ரோ என்பதுதான் என் முதல் கேள்வி. எதைப் பார்ப்பது என்பதை அங்கே போய்க்கூட முடிவு செய்துகொள்ளலாம். பத்து மாதப் பெண்ணையும் நாலு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு நாங்கள் அந்த ஊரில் ஒன்பது நாள் இருந்தோம். எந்த நாள் நன்றாகப் போயிற்று, எந்த நாள் அழுகையில் முடிந்தது என்று யோசித்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் படிக்கட்டுதான் வந்து நிற்கிறது.

பாரிஸ் மெட்ரோ 1900இல் ஓடத் தொடங்கியது. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள். பெரும்பாலானவற்றில் தெருவிலிருந்து நடைமேடை வரை லிஃப்ட் கிடையாது. கொஞ்ச தூரம் எஸ்கலேட்டர் இருக்கும், அப்புறம் படி, ஒரு நீண்ட குகைப்பாதை, மறுபடியும் படி. தடம் மாறும் ஒரு பெரிய நிலையத்தில் ஸ்ட்ரோலரை நாங்கள் ஐந்து முறை தூக்கி இறக்கினோம். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கேட்காமலே வந்து முன்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டு, நன்றி சொல்வதற்குள் போய்விட்டார். பாரிஸ்காரர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வரும். ஆனாலும் அவர்களை நம்பி ஒரு நாளைத் திட்டமிட முடியாது.

இந்தப் படிக்கட்டுத் தொல்லைக்கு விலக்கு 14ஆம் தடம். 1998இல் திறந்த புதிய தடம் என்பதால் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. 2024இல் வடக்கே சேன் தெனி வரையும் தெற்கே ஓர்லி விமான நிலையம் வரையும் நீட்டிவிட்டார்கள். ஓட்டுநர் இல்லாத ரயில், அதனால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. என் பையன் அதில் முகத்தை ஒட்டிக்கொண்டு சுரங்கத்தைப் பார்த்தபடியே வந்தான். அந்த ஒன்பது நாளில் அவன் அசையாமல் நின்றது அங்கே மட்டும்தான்.

14ஆம் தடம் போகாத இடங்களுக்கு பஸ்ஸையே சொல்வேன். நகருக்குள் ஓடும் பஸ்கள் தாழ்தளம். நடுக்கதவு வழியாக ஸ்ட்ரோலரை மடிக்காமலே ஏற்றலாம். உள்ளே அதற்கென்று இடம் விட்டிருக்கிறார்கள். 69ஆம் எண் பஸ் ஈஃபிள் கோபுரத்துப் பக்கத்திலிருந்து லூவ்ர், பஸ்தீய் வழியாகக் கிழக்கே போகிறது. சுற்றுலா பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். மெட்ரோவைவிட மெதுவாகத்தான் போகும், ஆனால் குழந்தை தூங்கும், பெரியவன் வேடிக்கை பார்ப்பான். 2025இன் கட்டணப்படி மெட்ரோவுக்கு 2.50 யூரோ, பஸ்ஸுக்கு 2 யூரோ. பஸ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு மெட்ரோவில் ஏற முடியாது. நாலு வயதுக்குக் கீழே இலவசம், பத்து வயதுக்குள் பாதிக் கட்டணம்.

அடுத்தது, ஸ்ட்ரோலரா, உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியரா? உட்காரத் தெரியாத குழந்தை மட்டும் என்றால் துணிக் கேரியர் போதும். நம் பாட்டிமார் தூளியில் கண்டுபிடித்த சுகம் அதில் இருக்கிறது. மெட்ரோ, மொன்மார்த்ரின் கருங்கல் பதித்த தெரு, அருங்காட்சியகக் கூட்டம், எங்கும் தடையில்லை. முதுகில் மாட்டும் கம்பிச் சட்டக் கேரியரை மட்டும் வாங்காதீர்கள், பல அருங்காட்சியகங்களில் அதை உள்ளே விடமாட்டார்கள். குழந்தைக்கு ஒரு வயது தாண்டிவிட்டால் ஒற்றைக் கையால் மடக்கக்கூடிய லேசான ஸ்ட்ரோலர் வேண்டும். ஈஃபிள் கோபுரத்தில் மடக்கும் ஸ்ட்ரோலரைத்தான் அனுமதிக்கிறார்கள், லிஃப்டில் அதை மடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரிய சக்கரமும் தொட்டிலும் வைத்த கனமான வண்டியை ஊரிலேயே விட்டுவிடலாம்.

இரண்டு குழந்தை இருந்தால் கணக்கு மாறும். ஸ்ட்ரோலர் சின்னதுக்கு என்று நினைத்துத்தான் எடுத்துப் போனோம். இரண்டாம் நாளே தலைகீழாகிவிட்டது. நாலு வயதுப் பையன் காலையில் குதித்துக்கொண்டு நடப்பான், மாலை நாலு மணிக்கு நடைபாதையில் உட்கார்ந்துவிடுவான். அப்புறம் ஸ்ட்ரோலர் அவனுக்கு, கேரியர் தங்கைக்கு. நாலு, ஐந்து வயதுப் பிள்ளை நடந்துவிடும் என்று நம்பி ஸ்ட்ரோலர் இல்லாமல் போகாதீர்கள்.

தங்குமிடத்தில் மூன்று வழி உண்டு. ஓட்டல் அறை சிறிது. தொட்டிலைப் போட்டால் பெட்டியைத் திறக்க இடமிருக்காது. ஏழரை மணிக்குக் குழந்தை தூங்கியபின் நீங்களும் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். வாடகை வீட்டில் அடுப்பும் துணி துவைக்கும் இயந்திரமும் கிடைக்கும். ஆனால் பழைய கட்டடங்களில் ஐந்தாம் மாடிக்கு வளைந்து வளைந்து ஏறும் மரப்படிதான். லிஃப்ட் இருந்தாலும் இரண்டு பேர் ஒட்டி நிற்கும் அளவுக்குத்தான் இருக்கும். ‘லிஃப்ட் இருக்கிறதா’ என்று கேட்டால் போதாது, ‘ஸ்ட்ரோலர் நுழையுமா’ என்று கேட்க வேண்டும். மூன்றாவது, ஓட்டலும் வீடும் சேர்ந்த அடுக்ககம். சிதாதீன், அதாஜியோ போன்ற நிறுவனங்கள் இப்படி நடத்துகின்றன. சிறு சமையலறை இருக்கும், கீழே வரவேற்பில் ஆள் இருப்பார். என் ஓட்டு இதற்குத்தான்.

சமையலறையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பாரிஸில் பெரும்பாலான உணவகங்கள் இரவுச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்கு முன்னால் தொடங்குவதில்லை. நம் பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கே பசிக்கும். குக்கரில் பருப்பும் சாதமும் குழைய வைத்து, கடைத் தயிர் ஊற்றிப் பிசைந்து கொடுத்துவிட்டால் அந்த நேரத்து யுத்தம் முடிந்தது. பாரிஸ்காரர்களுக்கும் நாலு மணிக்குக் குழந்தைச் சிற்றுண்டி என்று ஒரு வழக்கம் உண்டு. அந்த நேரத்தில் எந்த பேக்கரியிலும் சூடான ரொட்டியோ பிரியோஷோ கிடைக்கும்.

எந்தப் பகுதியில் தங்குவது? லுக்சம்பூர் தோட்டத்தைச் சுற்றிய ஆறாம் வட்டாரம் அழகு, வாடகையும் அதற்கேற்ப. பெர்சி உள்ள பன்னிரண்டாம் வட்டாரமும் ஒலாம்பியாத் உள்ள பதின்மூன்றும் 14ஆம் தடத்தில் இருக்கின்றன. பதின்மூன்றில் உயரமான புதிய கட்டடங்கள் அதிகம், ஆசியக் கடைகளில் அரிசி வகைவகையாகக் கிடைக்கும். கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லாச்சப்பல் பக்கம் தங்கினால் இட்லி, இடியப்பம், கறிவேப்பிலை எல்லாம் கைக்கெட்டும் தூரம். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு அது. ஆனால் ஓயாத நெரிசல், ஸ்ட்ரோலரைத் தள்ளக் கஷ்டம். நாங்கள் பதின்மூன்றில் தங்கி, ஒரு மதியம் பஸ் பிடித்து அங்கே போனோம். “சின்னவனுக்கு உறைப்பில்லாமல் தரட்டோ?” என்று கடையில் ஒரு அம்மா கேட்டபோது, ஒரு வாரமாக ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த என் பையன் நிமிர்ந்து பார்த்தான்.

பார்க்கும் இடங்களில் ஒரு நாளைக்கு ஒரு தோட்டம் என்று வைத்துக்கொண்டால் மீதி தானாக அமையும். லுக்சம்பூரில் குளத்தில் விட வாடகைக்குப் பாய்மரப் படகு தருவார்கள், பிள்ளைகள் குச்சியால் தள்ளிவிட்டுச் சுற்றி ஓடுவார்கள். அங்குள்ள பழைய குடைராட்டினத்தில் குதிரை மேலிருந்தபடி குச்சியால் வளையத்தைக் கோத்து எடுக்க வேண்டும். பையனுக்கு மூன்று வயது தாண்டியிருந்தால் இதுதான் முதல் இடம். இன்னும் சிறிய குழந்தைக்குத் தாவரத் தோட்டமான ஜார்தான் தே ப்ளான்த் மேல். பாதை சமதளம், 1794இல் தொடங்கிய சிறு மிருகக்காட்சிசாலை உள்ளேயே இருக்கிறது, மழை வந்தால் அங்கேயே உள்ள பரிணாமக் கூடத்துக்குள் போய்விடலாம், பாடம் செய்த யானையும் ஒட்டகச்சிவிங்கியும் அணிவகுத்து நிற்கின்றன. அந்தக் கூடமும் லூவ்ர் அருங்காட்சியகமும் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகம் திங்கள். புதன்கிழமை மதியத்துக்கு மேல் பள்ளிப்பிள்ளைகளுக்கு ஓய்வு என்பதால் ஊஞ்சலுக்கு வரிசை நிற்கும், பொம்மலாட்டமும் அன்று நடக்கும். டிஸ்னிலாந்தை நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காகத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். அவர்களுக்கு ராட்டினம் ராட்டினம்தான்.

ஜூனா, டிசம்பரா? ஜூன் கடைசியில் சூரியன் இரவு பத்து மணிக்குத்தான் மறைகிறது. ஜன்னலுக்கு வெளிச்சம் மறைக்கும் கதவோ கனத்த திரையோ இல்லாத வீட்டில் குழந்தையைத் தூங்க வைப்பது பெரும்பாடு. டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், தோட்டங்களும் சீக்கிரம் மூடும். மே அல்லது செப்டம்பர் நல்லது.

இனி சில சில்லறைக் குறிப்புகள். தெருவோர இலவசக் கழிப்பறைகள் ஒவ்வொருவரும் வெளியே வந்ததும் கதவை மூடித் தம்மைத் தாமே கழுவிக்கொள்ளும். ஒருவர் வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு அடுத்த பிள்ளையை உள்ளே அனுப்பாதீர்கள், சேர்ந்தே போய் வாருங்கள். அவசர மருத்துவத்துக்கு 15, அல்லது 112. 1802இல் தொடங்கிய நெக்கேர் குழந்தைகள் மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட்டும் ஷெங்கன் விசாவும் வேண்டும், ஆறு வயதுக்குள் விசாக் கட்டணம் இல்லை.

இரவெல்லாம் பறந்து சார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்கியதும் ரயிலா டாக்ஸியா என்ற கேள்வி வரும். 2025இல் ரயிலில் பெரியவர்கள் இருவருக்கு 26 யூரோ. டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம், ஆற்றுக்கு வடகரையில் 56, தென்கரையில் 65. குழந்தை இருக்கை வேண்டுமென்றால் கொஞ்சம் கூடக் கொடுத்து முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். ரயிலில் போய் இறங்கினால் பெட்டியும் ஸ்ட்ரோலரும் தூங்கும் பிள்ளைகளுமாகப் படியேற வேண்டியிருக்கும். முதல் நாள் மட்டும் டாக்ஸி எடுங்கள்.