நாற்பது ஸ்விட்ச், ஒரே வார்ப்புரு

பொன்னமராவதி, அறந்தாங்கி, கீரனூர் என எங்கள் கிளைகளில் நாற்பது சிஸ்கோ ஸ்விட்சுகள். ஒவ்வொன்றிலும் நுழைந்து கட்டளை அடித்தே பொழுது போகிறது. வழி உண்டா?
– வாசகர், புதுக்கோட்டை

நாற்பதுக்கே அலுப்பா? ஊராட்சிகளை இணையத்தில் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தில் தமிழக ஊராட்சிகள் மட்டும் 12,525!

ஊருக்கு ஊர் மாறுவது ஸ்விட்ச் பெயர், ஐ.பி. முகவரி, வி-லேன் எண் அவ்வளவுதான். அவற்றை ஓர் அட்டவணையில் போடுங்கள். மாறாத கட்டளைகளை ஜிஞ்சா வார்ப்புருவாக எழுதுங்கள். இரண்டையும் இணைத்து அனுப்ப ஆன்சிபிள் என்ற மென்பொருள் போதும், இலவசம். ஸ்விட்சில் எதையும் நிறுவ வேண்டாம், எஸ்.எஸ்.ஹெச். இருந்தால் சரி.

முதலில் ஆன்சிபிளை ‘செக்’, ‘டிஃப்’ தெரிவுகளுடன் சேர்த்து ஓட்டுங்கள். எந்த வரி மாறப்போகிறது என்று காட்டும், எதையும் தொடாது. பிறகு அவை இல்லாமல், உங்கள் மேசையருகே உள்ள ஸ்விட்சில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

அறந்தாங்கிக்கு அனுப்புமுன் அங்குள்ள ஸ்விட்சில் ‘ரீலோட் இன் 10’ கட்டளை கொடுத்துவிடுங்கள். தப்பாகித் தொடர்பு அறுந்தாலும், 10 நிமிடத்தில் ஸ்விட்ச் தானே மறுதொடக்கமாகிப் பழைய அமைப்புக்குத் திரும்பும். நீங்கள் பஸ் ஏற வேண்டாம். சரியாக வந்தால் ‘ரீலோட் கேன்சல்’, அப்புறம்தான் சேமிப்பு.