அப்பத்தா உண்டியலில் 1302 காசுகள்

இந்த முறை நான் காசு பற்றி எழுதுகிறேன். காசு என்றால் பணம் இல்லை, சில்லறை. ஏன் இதை எடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பத்தா சின்னமனூர் மார்க்கெட்டில் வாழைப்பழம் விற்றவர். போன கோடை விடுமுறையில் சித்தப்பாவுக்கு ஒரு போன் வந்தது. வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய்க் காசு இருந்தால் இரண்டு லட்சம் தருவார்களாம். அப்பத்தாவிடம் அந்தக் காசு இருந்தது! ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம்கூட வாட்ஸ்அப்பில் வந்தது. பதிவுக் கட்டணம் 1850 ரூபாய் என்றார்கள். அப்பத்தா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்தார். கட்டியதும் "வரி 6000 கட்டுங்க" என்று அடுத்த போன். அப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இந்த மாதிரி ஏமாற்றுப் பற்றி எச்சரித்திருக்கிறது. பழைய காசு வாங்க விற்க அவர்கள் யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை. எங்களுக்குத் தெரிந்தது பணம் போன பிறகுதான். அந்தக் காசு 2012இல் வெளியிட்டது. அரிய காசே இல்லை.

கடனை அடைக்க அப்பத்தா மண் உண்டியலை உடைத்தார், இரண்டு ஹார்லிக்ஸ் டப்பாவையும் கவிழ்த்தார். "எண்ணிக் குடு தாயி" என்றார். எண்ண உட்கார்ந்தவள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

முதல் வேலை காந்தம். உடைந்த ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து எடுத்தேன். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எல்லாம் டக்கென்று ஒட்டிக்கொள்ளும், அது ஒரு வகை எவர்சில்வர். ஒட்டாத வெள்ளைக் காசைத் தனியாக வைத்தேன். அவை 75 பங்கு செம்பும் 25 பங்கு நிக்கலும் கலந்தவை. செம்பு முக்கால் பங்கு இருந்தும் காசு வெள்ளையாக இருப்பது எனக்கு ஆச்சரியம். 1975 முதல் 1982 வரையிலான ஒரு ரூபாய் 8 கிராம். பிறகு 6 கிராம். 1992இல் எவர்சில்வராகி 4.85 கிராம். வருஷத்தைப் பார்த்து வரிசையாக அடுக்கினால் ஒரு ரூபாய் மெலிந்துகொண்டே வருவது கண்ணுக்கே தெரியும். பழைய கனமான 5 ரூபாய் 9 கிராம், அதில் 6.75 கிராம் செம்பு. அதை உருக்கி விற்கலாமே என்று என் தம்பி கேட்டான். 2011 நாணயச் சட்டப்படி காசை உருக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை. (அவன் பயந்துபோய்க் காந்தத்தையும் தொடவில்லை.)

அமெரிக்காவிலும் இதே வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வங்கியில் 50 பென்னி கொண்ட சுருள்களை வாங்கி, 1982க்கு முந்தியதைப் பொறுக்குவார்கள். அதில் 95 பங்கு செம்பு. 1982இல் துத்தநாகத்துக்கு மாறி, மேலே செம்புப் பூச்சு மட்டும் வைத்தார்கள். 2025 நவம்பரில் புழக்கத்துக்குப் பென்னி அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நம் காசிலும் சிவப்பு உண்டு. டப்பாவின் அடியில் கிடைத்த ஐந்து, 1957க்குப் பிறகு வந்த ஒரு நயா பைசா. அந்த வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதிதான் ரூபாய்க்கு 100 பைசா என்ற கணக்கு வந்தது. அதற்கு முன்னால் 16 அணா, 64 காலணா. 1964இல் "நயா" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். அதோடு ஓர் ஓட்டைக் காலணாவும் கிடைத்தது, 1944 என்று போட்டிருந்தது. உலகப் போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு, அதனால் நடுவில் ஓட்டை போட்டு 2 கிராமில் அடித்தார்கள். அப்பத்தா சின்னப் பிள்ளையில் இதை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தாராம். செம்பு என்றதும் நம்மூர்ச் செப்பேடு ஞாபகம் வருகிறது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் செய்ததையும் சொல்வது பாண்டியரின் சின்னமனூர்ச் செப்பேடுதான்.

ஒரு தப்புச் செய்தேன். நயா பைசா ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. புளியில் உள்ள அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடும் என்று அறிவியல் டீச்சர் சொன்னார். ஆனால் சேகரிப்பவர்கள் அந்தப் பழைய நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், தேய்த்த காசுக்கு மதிப்புக் குறைவு. மற்ற நான்கையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

அடுத்து வருஷத்துக்குக் கீழே பாருங்கள். சின்ன வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. எங்கே அடித்தது என்று காசே சொல்லும். லென்ஸ் இல்லாதவர்கள் வெயிலில் சாய்த்துப் பாருங்கள்.

படக் காசுகளில் எனக்குப் பிடித்தவை 5 ரூபாயில்தான். 2003இல் வந்த காமராஜர். 2009 அண்ணா, படத்தோடு அவருடைய தமிழ்க் கையெழுத்தும் இருக்கும். 2010 தஞ்சைப் பெரிய கோயில். இவை லட்சத்துக்குப் போகாது. இருந்தாலும் செலவழிக்க மனம் வரவில்லை.

இப்போது கணக்கு. ஒரு ரூபாய் 611, இரண்டு ரூபாய் 304, ஐந்து ரூபாய் 187, எட்டணா 93. மொத்தம் 2200 ரூபாய் 50 காசு. எட்டணாவைக் கடைக்காரர்கள் "செல்லாது" என்று தள்ளுகிறார்கள், ஆனால் சட்டப்படி அது செல்லும். நாலணா 64 இருந்தது. அதுவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. நான் பிறந்த வருஷம்! அதற்கு முன்னால் வங்கியில் மாற்றியிருந்தால் 16 ரூபாய் வந்திருக்கும். அப்பத்தாவுக்கு யாரும் சொல்லவில்லை. "பதினாறு ரூவாய்க்கு அப்ப எத்தனை சீப்பு பழம் விக்கணும் தெரியுமா" என்றார். மீதி 43 காசும் பத்துப் பைசா, இருபது பைசா, அந்தச் சிவப்புக் காசுகள் போன்ற பழையவை.

குழுக் கடன் 1850 அடைத்தாச்சு. காமராஜர், அண்ணா, கோயில் மூன்றுக்கும் அம்மாவிடம் 15 ரூபாய் வாங்கி அப்பத்தா கணக்கில் சேர்த்துவிட்டு அவற்றை நான் எடுத்துக்கொண்டேன். வைஷ்ணவி தேவி காசைச் சித்தப்பா வேண்டாம் என்றுவிட்டார், அதில் அப்பத்தா வெற்றிலை வாங்கிவிட்டார்.

எனக்கு இன்னும் கிடைக்காதது 1995இல் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் 5 ரூபாய். உங்கள் வீட்டு உண்டியலில் இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காட்டுங்கள். பார்த்து வரைந்துகொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி