வினை தொடங்கலும் வினை விலக்கலும்

வினையைத் தொடங்குதல் எளிது; தொடங்கிய வினையைக் கேடின்றி இடையே நிறுத்துதல் அரிது. இவ்வுண்மை உலகியலுக்கேயன்றிக் கணினிக்கும் ஒக்கும். படம் ஆக்கும் மென்பொருள்களில், திரைக்குப் பின்னே நிகழும் ஒரு நெடுவினையை விசைப்பலகையின் ஒரு விசையால் விலக்குவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம். இலக்கியம் பயில்வானுக்கு இதில் என்ன வேலை என வினவுவார்க்கு விடை இடையே கிடைக்கும்.

முதற்கண், அவ்விசையின் வரலாறு. விசைப்பலகையின் இடப்புற மேல் மூலையில் அமைந்த எஸ்கேப் விசையை இன்று யாவரும் 'போதும், விடு' என்னும் பொருளிலேயே அழுத்துகின்றனர். அதன் பிறப்போ வேறு. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பாப் பீமர் என்பார் 1960-ஆம் ஆண்டில் அக்குறியை வகுத்தார். அக்காலத்துக் கணினிகள் வெவ்வேறு குறிமுறைகளைக் கையாண்டன; ஒரு முறையினின்று பிறிதொரு முறைக்கு மாறுவதை அறிவித்தலே அதன் தொழிலாயிருந்தது. விலக்குப் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. சொற்கள் பொருள் மாறுவதுபோல விசைகளும் பொருள் மாறுகின்றன போலும்!

இனி, எடுத்துக்காட்டாகப் பிளெண்டர் என்னும் மென்பொருளைக் கொள்வோம். நெதர்லாந்து நாட்டுத் தோன் ரோசண்டால் 1994-இல் தொடங்கிய இது, 2002 முதல் யாவரும் மூலநிரலைக் கண்டு திருத்தத்தக்க பொதுவுடைமையாயிற்று. இதில் ஒளியும் நிழலும் கணித்து முழுப்படத்தை ஆக்கும் வினைக்கு ரெண்டர் என்று பெயர். அது சில நொடியிலும் முடியும். பல மணி நேரமும் கொள்ளும். அதனை நிறுத்த எஸ்கேப் விசையை அழுத்துகிறோம். அப்போது உள்ளே நிகழ்வது யாது?

கணினிக்குள் வினைகள் இழைகளாகப் பிரிந்து ஓடுகின்றன. தலைமை இழை வாயிற்காப்போனைப் போன்றது. விசையழுத்தத்தையும் சுட்டியின் அசைவையும் அதுவே ஏற்கும். படமாக்கும் வேலை வேறோர் இழையில் நிகழும். எஸ்கேப் அழுத்தப்பட்டவுடன் வாயிற்காப்போன் உள்ளே ஓடிப்போய்த் தொழிலாளியின் கையைப் பற்றி இழுப்பதில்லை. 'நிறுத்துக' என்று ஒரு பலகையில் எழுதிவைக்கிறான், அவ்வளவே. தொழிலாளியே இடையிடையே தலைநிமிர்ந்து அப்பலகையை நோக்கி, எழுத்தைக் கண்டதும் கருவிகளை ஒழுங்குபட வைத்துவிட்டு எழ வேண்டும்.

வலிந்து நிறுத்தினால் என்ன என்று கேட்கலாம். ஜாவா மொழியில் அங்ஙனம் வலிந்து நிறுத்தும் ஓர் ஆணை இருந்தது. 1998-இல் வெளியான பதிப்பிலேயே அது தகாதென விலக்கப்பட்டது. காரணம், ஓர் இழை பொதுப்பொருளைப் பூட்டி வைத்துக்கொண்டு திருத்துகையில் அதனைக் கொன்றால், பூட்டுத் திறந்துவிடும். பொருளோ பாதி திருந்தியும் பாதி திருந்தாமலும் நிற்கும். அடுத்து வரும் இழை அக்குறைப்பொருளை முழுப்பொருளென நம்பிக் கெடும். ஆதலின், கட்டளை மேலிருந்து வரினும் இசைவு கீழிருந்தே வரவேண்டுமென்பது இத்துறையின் முடிபாயிற்று.

அங்ஙனமாயின் பலகையை எத்துணை முறை நோக்குதல் வேண்டும்? அகலம் 1920, உயரம் 1080 புள்ளிகள் கொண்ட படத்தில் 20,73,600 புள்ளிகள் உள. புள்ளிதோறும் நோக்கின் வேலை மந்தமாம். படம் முடிந்த பின்னரே நோக்கின் கட்டளை வீணாம். வரிதோறும் நோக்குவதாகக் கொள்வோம். படத்திற்கு 54 நொடி ஆகுமேல், ஒரு வரிக்கு ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கே செல்லும். பத்தில் ஒரு நொடிக்குள் விடை வரின் மனிதர் அதனை உடனடி விடையாகவே உணர்வர் என்பது ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதிய நூலிற் கண்ட அளவு. எனவே இவ்விடையீடு தக்கதே.

ஈண்டு என் பிழையொன்றைக் கூறல் வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் நாடகத்திற்குப் பின்திரைப் படம் ஆக்கும் பணி என்பால் வந்தது. பல்லாயிரம் பனைகளைத் தானே நடும்படி ஒரு சிறு நிரல் எழுதி ஓட்டினேன். திரை உறைந்தது. எஸ்கேப் விசையைப் பலகால் அழுத்தினேன், பயனில்லை. மின்னிணைப்பைப் பிடுங்கினேன், சேமியாத மாலைப்பொழுதின் உழைப்பு முழுதும் அழிந்தது. நாடகம் வெறுந்திரையின் முன் நடந்தது. குற்றம் மென்பொருளினதன்று, என்னதே. என் நிரல் தலைமை இழையிலேயே நீண்ட சுழலாய் ஓடியது. வாயிற்காப்போனையே பனை நட அனுப்பிவிட்டு, வாயிலில் நின்று கூவினேன், கேட்பார் யார்?

பின்னர்க் கற்ற முறை இது. வேலையைச் சிறு கூறுகளாக்கி, கடிகையின் ஒவ்வோர் அசைவிற்கும் ஒரு கூறு செய்து, உடனே தலைமை இழைக்கு வழிவிட வேண்டும். எஸ்கேப் வந்தால் கடிகையை நீக்கி, 'விலக்கப்பட்டது' என்னும் விடையோடு மீள வேண்டும்.

வேறு மூன்று நெறிகளும் உள. ஒன்று, விசை எவ்வினைக்கு உரியதென அறிதல். ஒரே விசை திறந்த பட்டியையும் மூடும், படமாக்கலையும் நிறுத்தும். பட்டியை மூட அழுத்தியவனுடைய பல மணி வேலையை அழிப்பது கொடுமை. இரண்டு, புதிய வினை தொடங்குமுன் பழைய எழுத்தைப் பலகையினின்று துடைத்தல். இன்றேல் நேற்றைய விலக்கு இன்றைய வினையைக் கொல்லும். மூன்று, முடிந்தவற்றைக் காத்தல். நொடிக்கு 24 படமாகப் பத்து நொடி அசைபடத்திற்கு 240 படம் வேண்டும். அவற்றைத் தனித்தனிக் கோப்பாகச் சேமித்தால், 150-இல் நிறுத்தினும் எஞ்சியவை 90 மட்டுமே.

நண்பர்களே, மோரியா மலையில் ஆபிரகாம் கத்தியேந்திய கையை நீட்டிய பின்னரும் அவர் செவி திறந்திருந்தது. ஆதலால் ஈசாக்கு பிழைத்தான். கருமத்தில் மூழ்கியிருக்கும்போதும் 'நிறுத்து' என்னும் குரலுக்கு இடம் வைத்திருப்பதே நல்ல வினையாளனுக்கு அழகு. நிரல் எழுதுவார்க்கு மட்டுமோ இது? தேர்வு, பதவி, புகழ் எனப் பின்னணியில் ஓயாது வினைகளை ஓட்டிக்கொண்டிருக்கும் நமக்கும் இப்பாடம் உரியதேயாம்.