பழைய வீட்டிற்கும் மூச்சு வேண்டும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காவிரி டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளுக்குள் நுழைந்தால் மக்கல் நாற்றமே நம்மை முதலில் வரவேற்கிறது. சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கும். மூலையில் கரிய பூசணம் படர்ந்திருக்கும். மழைக்காலத்தில் இஃது இயல்பு என்பர் வீட்டார். ஆனால், அவ்வீட்டுக் குழந்தை இரவெல்லாம் இருமுவதையும் அச்சுவரையும் எவரும் சேர்த்து எண்ணுவதில்லை.

ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமலும் இரைப்பு நோயும் மிகுதி என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தது. அடுப்புப் புகை மற்றொரு பகை. வீட்டுப் புகையால் 2020-இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மாண்டனர் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. எரிவாயு வந்த வீடுகளிலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகடுப்பு இன்னும் எரிவதைக் காண்கிறோம்.

நம் முன்னோர் முற்றமும் சாளரமும் வைத்து, சுண்ணாம்பு பூசி வாழ்ந்தனர். நிலத்து நீர் செங்கல் வழியே மேலேறினாலும், சுண்ணாம்புப் பூச்சு அதனை ஆவியாக வெளியேற விட்டது. இன்று நாம் நல்லெண்ணத்துடனேயே சிமெண்டும் எண்ணெய் வர்ணமும் பூசுகிறோம்; சாளரத்தை அடைக்கிறோம். வெளியேற வழியற்ற ஈரம் சுவரில் மேலும் உயர்ந்து ஏறுகிறது.

ஆதலின் செய்ய வேண்டுவன இவை:

1. கூரைநீர் சுவரடியில் தேங்காதவாறு வாய்க்கால் அமைத்தல்.
2. பழைய சுவர்களுக்குச் சிமெண்டை விடுத்துச் சுண்ணாம்பே பூசுதல்.
3. சமையலறைச் சுவரின் மேற்பகுதியில் புகை வெளியேறத் திறப்பு வைத்தல். இயன்றால் கூரைக்கு மேல் உயரும் புகைபோக்கி கட்டுதல்.
4. குதிரையும் நெல் மூட்டைகளையும் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்தல். ஈரத்துணியை உள்ளே உலர்த்தாதிருத்தல்.
5. வெயில் தலைகாட்டும் வேளையில் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறத்தல்.
6. பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாமல், மூக்கை மூடிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தல்.

இவற்றுள் பல, செலவைவிடக் கவனத்தையே வேண்டுவன. எனினும், தெருச் சாக்கடை அடைபட்டிருப்பின் ஒரு வீட்டார் மட்டும் முயன்று பயனில்லை. அங்கேதான் ஊராட்சி உறுப்பினர்களின் கடமை தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே, அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. சாக்கடை தூர்வாரும் பணியை அன்றே பேசி முடிவு செய்வோமாக. மழை வந்தபின் சுவரைப் பார்த்து வருந்துவதினும், வருமுன் வழி செய்தலே அறிவுடைமை.