பாகையும் ரேடியனும்

கேள்வி: பைத்தானில் 30 பாகைக்கு சைன் கேட்டால் 0.5 வராமல் −0.988 வருகிறது. தவறு எங்கே, சார்?
– கல்லூரி மாணவி, சீயமங்கலம்

பதில்: கணினி நீங்கள் கொடுத்த 30-ஐ ரேடியன் என்று எடுத்துக்கொண்டதம்மா. முதலில் பையால் பெருக்கி 180-ஆல் வகுங்கள், 0.5236 கிடைக்கும். அதற்கு சைன் கேட்டால் 0.5 வரும். மேத் தொகுப்பிலுள்ள ‘ரேடியன்ஸ்’ இதைத்தான் செய்கிறது.

இன்னொரு கண்ணி, அறுபதின் அடிமானம். 12 பாகை 30 கலை என்பது 12.30 அல்ல, 12.5. கலையை 60-ஆல் வகுத்துத்தான் கூட்ட வேண்டும்.

இந்த அறுபது நமக்குப் புதிதா என்ன? நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதை ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியான ‘காலசங்கலித’ நூலில் பதிந்திருக்கிறார். எழுதுகோல் இல்லாமல் அறுபதின் அடிமானத்தில் கூட்டிக் கழித்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. சோழிக் கணக்கை நிரலாக எழுதிப் பாருங்கள். 60-ஐ எட்டியதும் ஒன்றை மேலே ஏற்றுவதுதான் அதன் உயிர்நாடி. இரண்டின் அடிமானத்திலும் அதே வேலைதான், 60-க்குப் பதில் 2.