மின்னாற்றலில் பிறக்கும் இசை

பாலக்காட்டு எல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊர்களிலும், இடுக்கி மலையில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய இடங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இப்பகுதிக் கோயில் திருவிழாக்களில் செண்டையும் நாகசுரமும் தவிலும் முழங்கும். இரவில் இன்னிசைக் கச்சேரி நடைபெறுவதும் உண்டு. அம்மேடையில் வயலின் கலைஞர் இல்லாதபோதும் வயலின் ஒலிக்கும். குழல் ஊதுவோர் இல்லாதபோதும் குழல் ஒலிக்கும். ஒரு மூலையில் நின்று ஒருவர் வாசிக்கும் கீபோர்டிலிருந்தே அவ்வொலிகள் எழுகின்றன. ஒரு பெட்டிக்குள் இத்தனை கருவிகள் எவ்வாறு அடங்கின? அதனால் இசை வளர்ந்ததா, தேய்ந்ததா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

ஒலியை ஆக்கும் முறை

ஒலி என்பது அதிர்வு. வீணையில் தந்தி அதிர்கிறது. செண்டையில் தோல் அதிர்கிறது. குழலில் காற்று அதிர்கிறது. மின்னணு இசைக்கருவியிலோ மின்னோட்டம் அதிர்கிறது. அவ்வதிர்வை ஒலிபெருக்கி காற்றுக்கு மாற்றித் தருகிறது. இவ்வாறு மின்னாற்றலால் ஒலியை ஆக்கும் கருவியே சின்தசைசர். தமிழில் இதனை ஒலித்தொகுப்பி எனலாம்.

இக்கருவி மூன்று படிகளில் ஒலியை உருவாக்குகிறது. முதற்பகுதி அதிர்வை உண்டாக்குகிறது. நொடிக்கு 440 அதிர்வுகள் எழுந்தால் ஒரு சுரம் கேட்கும். அது 880 ஆனால் அதே சுரம் ஒரு ஸ்தாயி உயர்ந்து கேட்கும். இரண்டாம் பகுதி வடிகட்டி. கூர்மையான ஒலியிலிருந்து வேண்டாத பகுதியை நீக்கி மென்மையாக்குவது இதன் பணி. மூன்றாம் பகுதி ஒலியின் எழுச்சியையும் தேய்வையும் வகுக்கிறது. செண்டையில் கோல் பட்டவுடன் ஒலி சட்டென எழுந்து விரைவில் அடங்கிவிடும். நாகசுர ஒலியோ மூச்சு உள்ளவரை நீளும். எழுச்சியும் தேய்வும் மாறினால் கேட்போர் செவிக்குக் கருவியே மாறிவிட்டதுபோல் தோன்றும்.

கம்பிகளால் இணைந்த பெட்டிகள்

1964ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மோக் இப்பகுதிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக அமைத்துக் காட்டினார். வாசிப்பவர் கம்பிகளால் அவற்றைத் தம் விருப்பப்படி இணைத்துக்கொள்ளலாம். இணைப்பு மாறினால் ஒலியும் மாறும். மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும்படி அக்கருவி அமைந்தது. பகுதிகளைப் பிரிக்கவும் சேர்க்கவும் இயலும் இவ்வகைக் கருவிகளை மாடுலர் என்பர்.

அத்தகைய கருவியொன்று இந்தியாவுக்கும் வந்தது. 1969ஆம் ஆண்டு அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசையாளர் டேவிட் டியூடரின் துணையுடன் மின்னணு இசைக்கூடம் அமைக்கப்பட்டது. கீதா சாராபாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலியோர் அங்கு மோக் கருவியைக் கொண்டு புதிய இசையைப் படைத்தனர். அவர்களின் ஒலிநாடாக்கள் நெடுங்காலம் காப்பகத்தில் அறிவாரின்றிக் கிடந்தன. பால் பர்கஸ் என்னும் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்தார். 2023இல் அவ்விசை இசைத்தட்டாக வெளிவந்தது. நாடாக்களைக் காத்து வைத்திராவிடில், இந்தியாவின் தொடக்ககால மின்னணு இசையைக் கேட்கும் வாய்ப்பே இல்லாமற் போயிருக்கும்.

பிடித்து வைத்த ஒலி

ஒலித்தொகுப்பி புதிதாக ஒலியை ஆக்குகிறது. சாம்ப்ளர் என்னும் கருவியோ உலகில் ஏற்கெனவே உள்ள ஒலியைப் பதிவு செய்து, அதனைக் கட்டைகளில் வாசிக்கத் தருகிறது. தேயிலைத் தொழிற்சாலையின் சங்கொலியைப் பதிவு செய்ததாகக் கொள்வோம். அப்பதிவை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கச் செய்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். ஒலிக்கும் நேரம் பாதியாகும். வேகத்தை இவ்வாறு கூட்டியும் குறைத்தும் ஒரே சங்கொலியில் ஏழு சுரங்களையும் பெறலாம்.

1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான ஃபேர்லைட் என்னும் கருவி இம்முறையில் புகழ்பெற்றது. அதன் விலை மிக அதிகம். 1983இல் மிடி என்னும் பொதுமுறை வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளும் கணினிகளும் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள அது வழி செய்தது. சிறிய அறையிலிருந்தே ஒருவர் பல கருவிகளை இயக்கும் நிலை அதன்பின் எளிதாயிற்று.

எல்லையின் இருபுறமும்

மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தார். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், இடுக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ளது. இவ்விருவரின் இசைக்குழுக்களிலும் கீபோர்டு வாசித்த இளைஞர் ஒருவர் இருந்தார். அவரே ஏ. ஆர். ரகுமான்.

ரகுமானின் தந்தை ஆர். கே. சேகர் மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். 1976இல் அவர் காலமானபோது ரகுமானுக்கு வயது 9. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்குக் கொடுத்தே அக்குடும்பம் பிழைத்தது. சிறுவனாகவே இசைக்குழுக்களில் வாசிக்கச் சென்ற ரகுமான், 1989இல் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அமைத்தார். 1992இல் வெளிவந்த ரோஜா திரைப்பட இசை, மின்னணு ஒலிகளையும் நம் மண்ணின் இசையையும் இணைத்து நாடெங்கும் புகழ்பெற்றது. அப்படத்திற்காக அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

பெற்றதும் இழந்ததும்

இவ்வளர்ச்சிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. முன்பு ஒரு பாடலைப் பதிவு செய்ய வயலின் கலைஞர்கள் பலர் ஒருங்கே அமர்ந்து வாசித்தனர். அவர்களின் ஒலியைக் கீபோர்டு தரத் தொடங்கியதும் பலருக்கு வேலை குறைந்தது. பெட்டிக்குள் இருக்கும் வயலின் ஒலி, என்றோ ஒரு கலைஞர் வாசித்ததன் பதிவே. அக்கலை நலிந்தால் நாளைய கருவிக்குப் பதிவு செய்ய ஒலி எங்கிருந்து வரும்?

இன்னொரு தடையும் இருந்தது. கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள் மட்டுமே உள்ளன. நம் இசையின் உயிராகிய கமகமோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் செல்வது. இரு கட்டைகளுக்கு இடையே வாழ்வது. சுருதியை வளைக்கும் சிறு சக்கரம் கருவியின் இடப்புறத்தில் அமைந்தபின் இத்தடை ஓரளவு நீங்கியது. கே. சத்யநாராயணன் போன்ற கலைஞர்கள் கீபோர்டிலேயே கர்நாடக இசைக் கச்சேரி செய்கின்றனர். எனினும் சக்கரம் தானே கமகத்தை அறியாது. எவ்வளவு வளைக்க வேண்டும் என்பதைக் கேட்டுப் பழகிய செவியே சொல்ல வேண்டும்.

ஆகவே, கருவி ஒலியைத் தரும். இசையைத் தருவது அதனைக் கையாள்பவரின் பயிற்சியே. செண்டையையும் தவிலையும் அருகிருந்து கேட்டு வளரும் எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு அப்பயிற்சியின் முதற்படி திருவிழாவிலேயே கிடைத்துவிடுகிறது.

பயிற்சி

அ. சொற்பொருள் அறிக.
ஸ்தாயி – ஏழு சுரங்களும் அடங்கிய ஓர் அடுக்கு
சுருதி – ஒலியின் உயர்வு தாழ்வு நிலை
கமகம் – சுரத்தை அசைத்தும் வளைத்தும் இசைக்கும் முறை
தேய்வு – படிப்படியாகக் குறைதல்
நலிதல் – வலிமை குன்றுதல்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஒலித்தொகுப்பிக்கும் சாம்ப்ளருக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. செண்டை ஒலியும் நாகசுர ஒலியும் எழுச்சியிலும் தேய்விலும் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. நொடிக்கு 220 அதிர்வு உடைய சுரத்தை ஒரு ஸ்தாயி உயர்த்தினால் அதிர்வு எவ்வளவாகும்?

இ. சிந்தித்து ஒரு பத்தியில் எழுதுக.
கீபோர்டின் வரவால் இசைக்கலைஞர்கள் பெற்றவை எவை? இழந்தவை எவை?

ஈ. செயல்பாடு
உங்கள் ஊரில் மட்டும் கேட்கும் ஒலிகள் ஐந்தினைப் பட்டியலிடுக. தகரக் கூரையில் விழும் மழை, கோயில் மணி ஆகியன போன்றவற்றைப் பெரியோர் துணையுடன் கைபேசியில் பதிவு செய்க. வகுப்பில் ஒலிக்கச் செய்து, எந்த ஒலி என்பதைத் தோழர்கள் கண்டறியுமாறு செய்க.